உடைக்கிறதுக்கு முன்னாடி உள்ளே பாருங்க



போன வாரம் நம்ம வாட்ஸ்அப் குழுவுல ஒரு ஐயா கேட்டார்: "கோயில் தொண்டர்களுக்கு எதுக்குப்பா வீட்டு டாய்லெட் பைப் விவகாரம்?" கேள்வி நியாயம்தான். குழுவுல ரெண்டு வரியில பதில் சொன்னா சண்டையாத்தான் முடியும். அதனால இங்க கொஞ்சம் நீளமாவே எழுதுறோம்.

நம்ம ஆலயத்தைச் சுற்றி இருக்கிற தாமான் வீடுகள் எல்லாம் எழுபதுகள்லயும் எண்பதுகள் தொடக்கத்துலயும் கட்டினவை. வாங்கினவங்கள்ல பாதிப் பேர் தோட்டத்தை விட்டு வெளியே வந்தவங்க. இபிஎப் பணத்தைப் போட்டு, வட்டி கட்டி, வாழ்க்கையில ஒரே ஒரு சொத்தா அந்த லிங்க் வீட்டை வச்சிருக்காங்க. இன்னிக்கு அவங்களுக்கு எழுபது, எண்பது வயசு. பிள்ளைகள் ஜொகூர்லயோ சிங்கப்பூர்லயோ இருக்காங்க. டாய்லெட்ல தண்ணி இறங்கலைன்னா முதல்ல கூப்பிடுறது விளக்குக் கம்பத்துல ஒட்டியிருக்கிற நம்பரைத்தான். வர்றவர் பத்து நிமிஷம் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார். "பாட்டி, பைப் உடைஞ்சி போச்சு, ஹால்ல இருந்து பின்னாடி வரைக்கும் உடைக்கணும்"னு சொல்லி, பத்தாயிரம் வெள்ளிக்கு மேல ஒரு கணக்கை எழுதி நீட்டுவார். பாட்டிக்கு என்ன தெரியும்? பூமிக்குள்ள இருக்கிறது நமக்கே தெரியாதே.

எங்க கருத்து இதுதான்: கேமரா விட்டு உள்ளே பார்க்காம, பழைய வீட்டுத் தரையில ஒருத்தரையும் கை வைக்க விடாதீங்க.

கேமரான்னா பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. வளையக்கூடிய கெட்டிக் கம்பிச் சுருளோட நுனியில சின்ன கேமரா, அதைச் சுற்றி விளக்கு. மேன்ஹோல் வழியாவோ டாய்லெட்டைக் கழற்றியோ உள்ளே தள்ளுவாங்க. எத்தனை மீட்டர் போயிருக்குன்னு திரையில எண் ஓடிக்கிட்டே இருக்கும். நல்ல செட்டா இருந்தா கேமராத் தலையில சிக்னல் அனுப்புற கருவியும் இருக்கும். மேல தரையில இன்னொரு கருவியை நகர்த்திப் பார்த்து, "இந்த டைலுக்குக் கீழே, இவ்வளவு ஆழத்துல"ன்னு சாக்பீஸால குறி போட்டுடலாம். அந்தக் குறியிலதான் காசு மிச்சமாகுது. வீடு முழுக்க உடைக்கிறதுக்கும் மூணு அடிச் சதுரம் உடைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அது.

பழைய வீடுகள்ல இது ஏன் முக்கியம்னா, அந்தக் காலத்துல புதைச்சது பெரும்பாலும் சுட்ட களிமண் பைப். களிமண் லேசுல அரிக்காது, நல்ல பொருள்தான். ஆனா துண்டு துண்டா வரும், அதனால ஒரு வீட்டுக்குள்ளேயே நிறைய ஜாயிண்ட். மண்ணு இறங்க இறங்க ஜாயிண்ட் விலகும், அந்த இடுக்குல ஈரத்தைத் தேடி வேர் நுழையும். அதுக்கு மேல நம்ம ஆளுங்க செய்யிற ரெனோவேஷன். பின்பக்கத்தை நீட்டி சமையலறை கட்டாத வீடு நம்ம தாமான்ல எத்தனை இருக்கு, சொல்லுங்க? கட்டும்போது மேன்ஹோல் மேல சிமெண்டு போட்டு, டைல் ஒட்டி, அதுக்கு மேல கேபினட்டும் வச்சாச்சு. பழைய களிமண் பைப்போட புது பிவிசி பைப்பைச் சொருகி, சுற்றிச் சிமெண்டைப் பூசி மூடியாச்சு. பிளான் யார்கிட்டயும் இல்ல. 1994-ல இண்டா வாட்டர் வர்றதுக்கு முன்னாடி இந்த விவகாரம் எல்லாம் அந்தந்த ஊராட்சி மன்றங்கள் கையில இருந்துச்சு. நாற்பது வருஷத்துக்கு முந்தின வீட்டு பிளானை இன்னிக்குத் தேடிப் பிடிக்கிறது சாமானியமா?

ஒரு அம்மா வீட்டு விஷயம் சொல்றோம். பெயர் வேணாம், ஆடி மாசம் கூழ் ஊற்ற முதல் ஆளா வந்து நிப்பாங்க. மூலை வீடு. பக்கவாட்டுல பெரிய வேப்பமரம், அடியில மஞ்சத்துணி கட்டி விளக்கு வச்சிருக்காங்க. வீட்டுக்காரர் இருந்தப்போ நட்டது. டாய்லெட் அடைச்சிக்கிட்டே இருந்துச்சு. ஒரு கொன்ட்ரெக்டர் வந்து, "மரத்து வேர்தான் காரணம், மரத்தை வெட்டணும், தரையையும் உடைக்கணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்த அம்மா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. காசு ஒரு பக்கம், அம்மன் குடியிருக்கிற மரத்துல கோடாலி வைக்கிறதா இன்னொரு பக்கம். வெள்ளிக்கிழமை கோயில்ல வந்து அழுதாங்க. அப்பத்தான் எங்களுக்கு விஷயமே தெரியும்.

நாங்க நாலு பேர் போய் நின்னு, வேற ஒருத்தரைக் கூப்பிட்டு, முதல்ல தண்ணி பாய்ச்சி அடைப்பை எடுத்து, அப்புறம் கேமரா விடச் சொன்னோம். வேர் இருந்துச்சு, அது உண்மை. ஒரு ஜாயிண்ட்ல தலைமுடி மாதிரி மெல்லிசாத் தொங்குச்சு. ஆனா அடைப்பு அங்க இல்ல. இன்னும் தள்ளி, நீட்டிக் கட்டின சமையலறைக்குக் கீழே, பிவிசியும் களிமண்ணும் சேர்ற இடம் கீழே இறங்கி, பைப் தொட்டில் மாதிரி தொங்கிப் போயிருந்துச்சு. அந்தப் பள்ளத்துல தண்ணி தேங்கி, எண்ணெய்க் கசடு கட்டியாப் படிஞ்சிருந்தது. அந்த ஒரு இடத்தை மட்டும் உடைச்சுச் சரி பண்ணினாங்க. வேரை உள்ளேயே அறுத்து எடுத்தாங்க. மரம் நிக்குது. வேர் மறுபடி வரத்தான் செய்யும், அப்பப்போ பார்த்துக்கணும்னு அந்த அம்மாகிட்டயும் சொல்லியாச்சு.

இதைப் படிச்சுட்டு "மரத்தை வெட்டவே கூடாதுன்னு கோயில்காரங்க சொல்றாங்க"ன்னு யாரும் பரப்பாதீங்க. மரம்தான் பைப்பை நொறுக்கியிருக்குன்னு படத்துல தெரிஞ்சா, குருக்களைக் கேட்டு முறைப்படி வேண்டிக்கிட்டு வெட்டிடுங்க. கழிவுத் தண்ணி வீட்டுக்குள்ள ஏறுறதை எந்த அம்மனும் விரும்ப மாட்டா. ஆனா படத்தைப் பார்க்காம வெட்டாதீங்க.

குழுவுல இன்னொரு தம்பி எழுதினார்: "கேமராவே ஒரு ஏமாத்து வேலை. அதைக் காட்டிப் பயமுறுத்தித்தான் பெரிய வேலையைத் தலையில கட்டுறாங்க." அதுவும் நடக்குது, மறுக்கல. இருட்டுக் குழாய்க்குள்ள எதைப் பார்த்தாலும் பயமாத்தான் இருக்கும். ஐம்பது வருஷ பைப்புல கறை இருக்கும், சின்ன விரிசல் இருக்கும். எல்லா விரிசலையும் உடனே மாற்றணும்னு இல்ல. தண்ணி நிக்குதா, பைப் இடிஞ்சு விழுந்திருக்கா, மண்ணு உள்ளே வருதா, இதுதான் கேள்வி. 2024 ஆகஸ்டு 23-ல கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா சாலையில நிலம் உள்வாங்கி ஒரு பெண்மணி விழுந்தது நமக்கெல்லாம் இன்னும் மனசுல இருக்கு. ஒன்பது நாள் தேடினாங்க, கழிவுநீர்க் குழாய்க்குள்ள கேமராவும் விட்டாங்க, கிடைக்கல. அதைச் சொல்லி "உங்க வீடும் இப்படித்தான் உள்ளே போகும்"னு ஒருத்தர் ஒரு பாட்டிகிட்ட பேசியிருக்கார். பாவம், அவங்களுக்கு இரத்த அழுத்தம் ஏறிடுச்சு. வீட்டுக்குள்ள இருக்கிற நாலு அங்குல பைப் வேற, நகரத்துக்கு அடியில ஓடுற பெரிய குழாய் வேற. உடைஞ்ச பைப் கொஞ்சம் கொஞ்சமா மண்ணை அரிக்கும், தரை இறங்கும், எலி வரும். கவனிக்க வேண்டியதுதான். அதுக்காக அன்னிக்கு ராத்திரியே கையெழுத்துப் போடணும்னு இல்ல.

அதனால கேமராக்காரரை எப்படிக் கூப்பிடணும்னும் தெரிஞ்சிக்கணும். பார்க்கிறவரும் உடைக்கிறவரும் வேற வேற ஆளா இருந்தா ரொம்ப நல்லது. படம் ஓடும்போது வீட்டு ஆள் ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணும். பதிவை உங்க போனுக்கோ பென்டிரைவுக்கோ வாங்கிடுங்க, முழுப் பதிவு, வெறும் ரெண்டு போட்டோ இல்ல. திரையில மீட்டர் எண் தெரியணும். எண் இல்லாத படம் யார் வீட்டுப் பைப்போ யாருக்குத் தெரியும்? அடைப்பை எடுக்காம கேமரா விட்டா கலங்கின தண்ணியில ஒண்ணும் தெரியாது, காசு வீண். பழைய பைப்ல ரொம்ப வேகமாத் தண்ணி அடிச்சா இருக்கிற விரிசலும் பெருசாகும், அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. உடைக்காமலே உள்ளுக்குள்ள ரெசின் உறை போடுறோம்னு சொல்றவங்களும் இருக்காங்க. விரிசலுக்கும் வேர் நுழையிற ஜாயிண்டுக்கும் அது நல்ல வழி. தொங்கிப் போன பைப்புக்கு ஆகாது, பள்ளம் பள்ளமாத்தான் இருக்கும்.

சில நேரம் கேமராவே தேவைப்படாது. முதல்ல மேன்ஹோல் மூடியைத் திறந்து பாருங்க. வீட்டு டாய்லெட் பொங்குது, வெளி மேன்ஹோல் காலியா இருக்குன்னா அடைப்பு உங்க பைப்ல. மேன்ஹோலே நிரம்பி நின்னா அடைப்பு பெரும்பாலும் பொதுக் குழாய்ல, அது இண்டா வாட்டர் பொறுப்பு, உங்க காசு இல்ல. அவங்களுக்குப் போன் பண்ணிட்டுக் காத்திருங்க. லோங்காங் வேற கணக்கு, அது நகராண்மைக் கழகம். பழைய வீடுகள்ல சமையலறை சிங்க் தண்ணி நேரா லோங்காங்குக்குத்தான் போகும், அதையும் இதையும் குழப்பிக்காதீங்க. இந்த ஒரு மூடியைத் திறந்து பார்க்காம, பொதுக் குழாய் அடைப்புக்குத் தன் வீட்டு பாத்ரூமை உடைச்சவங்க இந்த ஊர்ல இருக்காங்க.

பழைய வீடு வாங்கப் போற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. புது வீட்டுக்கு மேம்பாட்டாளர் 24 மாசம் பழுது பார்த்துத் தரணும். கை மாறின வீட்டுக்கு அது கிடையாது, பொதுவா இருக்கிற நிலையிலேயே வாங்கிறதா எழுதிக் கையெழுத்து வாங்கிடுவாங்க. நீங்க வாஸ்து பார்க்கிறீங்க, நல்ல நேரம் பார்க்கிறீங்க, பால் காய்ச்ச ஐயரைக் கூட்டிட்டு வர்றீங்க. சில நூறு வெள்ளி கொடுத்துத் தரைக்குக் கீழே என்ன இருக்குன்னு பார்க்க மட்டும் யோசிக்கிறீங்க. முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தப் படத்தைப் பார்த்தா, விலை பேசவாவது ஒரு பிடி கிடைக்கும்.

சமையலறைப் பழக்கத்தையும் சொல்லிடணும். தீபாவளி முடிஞ்ச வாரம்தான் எங்களுக்கு இந்தப் போன் அதிகமா வருது. முறுக்கு சுட்ட எண்ணெயை சிங்க்ல ஊற்றுறது, பூஜை மாலையையும் அரிசியையும் டாய்லெட்ல போட்டுத் தண்ணி அடிக்கிறது. சாமிக்குப் போட்ட பூவை அங்க போடலாமான்னு நாங்க கேட்க வேண்டியதே இல்ல. பூவை மரத்தடியில போடுங்க. எண்ணெயைப் போத்தல்ல ஊற்றி மூடி வைங்க.

இப்போ ஐயாவோட கேள்விக்கு வர்றோம். கோயிலுக்கு எதுக்கு இதெல்லாம்? அந்த அம்மா எங்ககிட்ட வந்ததுக்குக் காரணம், அவங்களுக்கு வேற போக்கிடம் இல்ல. பத்தாயிரம் வெள்ளி போச்சுன்னா அவங்க மருந்துக்கு என்ன பண்ணுவாங்க? நாங்க யாருக்கும் கொன்ட்ரெக்டர் பிடிச்சுத் தர மாட்டோம், கமிஷன் வாங்க மாட்டோம், உண்டியல் பணத்துல ஒரு காசு தொட மாட்டோம். தனியா இருக்கிற பெரியவங்க வீட்டுக்கு ரெண்டு பேர் போய், மேன்ஹோலைத் திறந்து, கேமரா ஓடும்போது கூட நிப்போம். அவ்வளவுதான். இதுக்கும் ஆட்சேபணை இருந்தா நிர்வாகக் கூட்டத்துல எழுந்து சொல்லுங்க, அங்க பேசிக்கலாம்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அன்னதான மண்டபத்துல இருப்போம். வர்றவங்க வீட்டு ரெனோவேஷன் பிளான், பழைய ரசீது, வேலை நடந்தப்போ எடுத்த போட்டோ எது கிடைச்சாலும் எடுத்துட்டு வாங்க. ஒண்ணும் இல்லைன்னாலும் பரவாயில்ல, மேன்ஹோல் எந்த கேபினட்டுக்குக் கீழே இருக்குன்னு மட்டும் ஞாபகப்படுத்திட்டு வாங்க.