விழுவதற்கும் ஓர் இடம் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பனியையே கண்டிராத செங்கல்பட்டு மாணவனுக்குப் பனிச்சறுக்கைப் பற்றி என்ன கருத்து இருக்க முடியும் என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். பனி நமக்கு அயலானதுதான். ஆனால் அந்த வீரர்கள் கற்கும் முறை நமக்கு அயலானதன்று. நாம் அவசியம் எண்ணிப் பார்க்க வேண்டியதும்கூட.

சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டி மேட்டிலிருந்து பறக்கும் வீரர், தலைமுதல் கால்வரை செல்லும் அச்சைப் பற்றிச் சுழன்றால் அது பம்பரச் சுழற்சி. இடுப்பின் குறுக்கே செல்லும் அச்சைப் பற்றிச் சுழன்றால் நாம் அறிந்த குட்டிக்கரணம். இவ்விரண்டுக்கும் இடையே அச்சைச் சாய்த்துச் சுழல்வதே ‘கார்க்’ என்னும் வித்தை. 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் எய்லீன் கு, அதுவரை எந்தப் போட்டியிலும் தாம் செய்திராத 1620 பாகைச் சுழற்சியை, அதாவது நான்கரைச் சுற்றை, இப்படிச் சாய்ந்த அச்சில் சுழன்று தங்கம் வென்றார்.

இதன் அடிப்படை நம் வகுப்பில் படிக்கும் கோண உந்த மாறா விதியே. கால் தரையை விட்டு எழும் கணத்தில் தோளைத் தாழ்த்திக் கைகளை வீசி எவ்வளவு கோண உந்தம் பெற்றோமோ, அவ்வளவுதான் கைமுதல். காற்றின் தடையை விட்டுவிட்டால், வானில் அதைக் கூட்டவும் இயலாது, குறைக்கவும் இயலாது. உடலைக் குறுக்கினால் சுழலும் வேகம் கூடும், விரித்தால் குறையும். சாய்ந்த பம்பரத்தைத் தரை தாங்கி நிற்கிறது; பறப்பவருக்கு அந்தத் துணையும் இல்லை. வானமும் தரையும் மாறி மாறித் தெரிய, மேல் எது கீழ் எது என்பதே கண்ணுக்குக் குழம்பிவிடும்.

இத்தகைய வித்தையை எவரும் நேரே உறைபனியில் கற்பதில்லை. முதலில் துள்ளுவலையில் பழகுகிறார்கள். பிறகு சறுக்குப் பாதையிலிருந்து நீச்சல் குளத்திலோ, காற்றடைத்த பெரிய மெத்தையிலோ விழுந்து பழகுகிறார்கள். பல முறை விழுந்த பிறகே பனிக்குச் செல்கிறார்கள். நாம் வியக்கும் துணிச்சலுக்குப் பின்னால், விழுந்தால் எலும்பு முறியாத ஓர் இடம் இருக்கிறது. துணிச்சலை மட்டும் புகழ்ந்துவிட்டு அந்த இடத்தை மறந்துவிடுகிறோம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியாததா? முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பாசனக் கிணற்றில் நீந்தக் கற்றவர்கள், பின்னர் அதே கிணற்றில் அந்தர் பல்டி அடித்தார்கள். கிணற்றுத் தண்ணீர்தான் அவர்களுடைய மெத்தை. மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி சிறு வயதிலேயே ஸ்கேட்போர்டிலும் அலையிலும் சறுக்கிப் பழகியதை 2019இல் வெளிவந்த ‘கமலி’ என்னும் ஆவணப்படம் உலகுக்குக் காட்டியது. கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் தொடங்கிய பள்ளியில் மீனவக் குழந்தைகள் அலைச்சறுக்குக் கற்றனர். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலம் வென்றார். கடல் நமக்கு இலவசமாகக் கொடுத்த களம் இது.

ஸ்கேட்போர்டில் இரண்டரைச் சுற்று சுழலும் 900 பாகை வித்தையை 1999இல் டோனி ஹாக் செய்து காட்டியபோது, அந்த ஒரே நாளில் பல முறை தவறி விழுந்த பிறகே வென்றார். ஒவ்வொரு முறையும் எழுந்து மேடேற அவருக்கு வாய்ப்பு இருந்தது என்பதே இங்கு முக்கியம்.

இப்போது நம் கல்லூரிக்கு வருவோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நம்மில் பலர் அப்படித்தான். ஒரு தாளில் தவறினால், ‘படித்தது போதும், வேலைக்குப் போ’ என்ற சொல் வீட்டு வாசலில் காத்திருக்கிறது. ஆகவே கடினமான கணக்கை விட்டுவிட்டு, மனப்பாட விடையை நாடுகிறோம். வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கவும் அஞ்சுகிறோம். இதைச் சோம்பல் என்பதா, கோழைத்தனம் என்பதா? இரண்டும் இல்லை. கீழே கற்பாறை இருந்தால் யார்தான் குதிப்பார்கள்?

‘பயம் இருந்தால்தான் படிப்பு வரும்’ என்று சிலர் கூறுவர். பயம் வருகைப் பதிவேட்டை நிரப்பும். புதியதை முயலும் மனத்தைத் தராது. மெத்தை போடுவது சோதனையை எளிதாக்குவதும் ஆகாது. போட்டி நாளன்று பனி அதே பனிதான். பல்கலைக்கழகத் தேர்வும் அதே தேர்வுதான்.

எனவே பேராசிரியப் பெருமக்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, திடலின் ஓரத்தில் ஆழமான மணற்குழி ஒன்றும் நல்ல மெத்தைகள் சிலவும் வேண்டும். உடற்கல்வி ஆசிரியரின் மேற்பார்வையில் குட்டிக்கரணம் பழகட்டும். மணல் நம் மாவட்டத்துக்குப் பஞ்சமான பொருளன்று. இரண்டாவது, மாதம் ஒரு முறை, மதிப்பெண் எந்தக் கணக்கிலும் சேராத ஒரு தேர்வு வேண்டும். அதில் கடினமான வினாக்களே இருக்கட்டும். பிழைகளை மட்டும் திருத்தித் தாருங்கள்.

நண்பர்களே, அந்தத் தேர்வுக்கு நாமும் மனப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. விழ இடம் கிடைத்தால் உண்மையாகவே குதிக்க வேண்டும். அடுத்தவன் விழும்போது சிரிக்காதிருப்பதும் நம் கடமையே. அந்தச் சிரிப்பைவிடக் கடினமான தரை வேறில்லை.