சான்றிதழா, பட்டமா: உபதேசிகளுக்கு ஒரு மறுப்பு

இளங்கலை வணிகவியலின் இறுதியாண்டை எட்டும் மாணவனுக்கு நம் ஊர்களில் கிடைக்கும் உபதேசம் ஒன்றே ஒன்றுதான்: "சி.ஏ. படி. எம்.காம். படித்து என்ன ஆகப்போகிறது?" பயிற்சி நிலையத்தார் இதைச் சொல்வதில் வியப்பில்லை, அது அவர்கள் வியாபாரம். கல்லூரி ஆசிரியர்களும் இதையே ஓதுவதுதான் உறுத்துகிறது. வணிகவியல் மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறவன் என்ற முறையில் இந்த உபதேசத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். இதில் பாதி உண்மை. மறுபாதி மறைக்கப்படுகிறது.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவானது பட்டயக் கணக்காளர் கழகம். ஒரு நிறுமத்தின் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திடும் உரிமை அதன் உறுப்பினருக்கே உண்டு, எம்.காம். பட்டதாரிக்கு இல்லை. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு இத்தகுதியை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றது. ஆக, ஆடிட்டர் வகுப்பறைக்குள் வரலாம். முதுகலைப் பட்டதாரி தணிக்கை அறைக்குள் போக முடியாது. கதவு ஒருபக்கமாகவே திறக்கிறது.

தொழில்வழிப் பயிற்சி தாழ்ந்தது என்றும் நான் சொல்ல வரவில்லை. தமிழ் படித்தவன் அப்படிச் சொன்னால் நன்றி கொன்றவன் ஆவான். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த உ.வே.சா.விடம் பல்கலைக்கழகப் பட்டம் இருக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அருகிருந்து கற்ற கல்வி இருந்தது. ஆனால் அந்த வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. வறுமையில் வளர்ந்த அந்த மாணவரைத் திருவாவடுதுறை ஆதீனம் தாங்கிக்கொண்டது. நீண்ட பயிற்சிக்குத் திறமை மட்டும் போதாது, சோறிட ஒருவர் வேண்டும் என்பதே அதன் பொருள்.

உபதேசிகள் மறைக்கும் பாதி இங்கேதான் இருக்கிறது. மூன்று நிலைத் தேர்வுகள். ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடு, தொகுதியின் மொத்தத்தில் 50 விழுக்காடு. 2023 நவம்பர் இறுதித் தேர்வில் இரு தொகுதிகளையும் ஒருசேர எழுதியவர்களில் தேறியவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. 2024 மே மாதத்தில் சற்றேறக்குறைய 20 விழுக்காடு. இடையில் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பயிற்சிக்காலம். மூன்றாண்டாக இருந்த இது 2023இன் புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. இதற்கென விதிக்கப்பட்ட குறைந்தபட்ச உதவித்தொகை சென்னையில் அறை வாடகைக்கே காணாது. தோற்றுத் தோற்று எழுத ஒரு வீட்டின் வருமானம் ஈடுகொடுக்க வேண்டும். ஆடிட்டர் வீட்டுப் பிள்ளைக்கு ஐந்தாவது முயற்சி ஓர் அனுபவம். கூலி வேலை செய்யும் தாயின் மகனுக்கு அது தங்கையின் படிப்பு. இருவருக்கும் ஒரே அறிவுரை சொல்வது சமத்துவம் ஆகாது.

மொழியைப் பற்றியும் பேசியாக வேண்டும். இத்தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், தமிழில் எழுத இயலாது. நம் கல்லூரிகளில் தமிழ்வழியில் கணக்குப்பதிவியல் கற்றுத் தேர்ந்தவன், கணக்கு தெரியாததால் அன்றி, மொழியால் வாசலிலேயே நிறுத்தப்படுகிறான். இந்திக்கு இயன்றது தமிழுக்கு ஏன் இயலாது என்று நம் தமிழ் மேடைகள் உரக்கக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மேடைக்குச் செம்மொழி போதும். தணிக்கை ஏட்டுக்குத் தமிழ் வேண்டாம் போலும்.

"எம்.காம். வெறும் சடங்காகிவிட்டதே" என்பார்கள். ஆம், பல இடங்களில் ஆகிவிட்டது. நோட்ஸை நகலெடுத்துத் தேர்வுக்கு முந்திய வாரம் உருப்போடும் படிப்பை நானும் பார்க்கிறேன். அதற்குப் பொறுப்பு ஆசிரியர்களாகிய நமக்கு. மாணவனை வேறு வாசலுக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. 2009 சனவரியில் சத்யம் நிறுவனத் தலைவரே தம் கணக்குகள் பொய் என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்குகள் தணிக்கையாளர் கையெழுத்துப் பெற்றவை. விதியைப் பிழையின்றிக் கையாளச் சான்றிதழ் கற்பிக்கிறது. அந்த விதி யாருக்காக இயற்றப்பட்டது, எப்படி ஏமாற்றப்படுகிறது, சமூகம் அதற்கு என்ன விலை தருகிறது என்று கேட்க ஓர் இடம் வேண்டும். முதுகலை வகுப்பு அந்த இடமாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே உபதேசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "சி.ஏ. படி" என்று சொல்லுமுன் உன் வீடு எத்தனை ஆண்டு காத்திருக்கும் என்று அந்த மாணவனைக் கேளுங்கள். தேர்ச்சி விழுக்காட்டை மறைக்காமல் சொல்லுங்கள். பி.எட். சேர்ந்தால் எம்.காம். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணிக்கும், நெட் அல்லது செட் தேறினால் கல்லூரிப் பணிக்கும் வழியாகும் என்பதையும் சொல்லுங்கள். அதன்பின் அவன் எதைத் தேர்ந்தாலும் அது அவனுடைய முடிவு. இப்போது அவன் எடுப்பது உங்களுடைய முடிவை. தோல்வி மட்டும் அவனுடையதாக இருக்கிறது.