காந்தத்தை விற்றது யார்?

2025 ஏப்ரலில், அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றிய இரண்டே நாள்களில், ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது சீனா. மறு மாதமே, அவை சேர்ந்த காந்தம் கிடைக்காமல் ஃபோர்டின் சிகாகோ ஆலை ஒரு வாரம் முடங்கியது. இது அடாவடி என்று மேற்குலகம் குமுறுகிறது. அடாவடிதான். ஆனால், அந்த ஆயுதம் சீனாவின் கைக்கு எப்படிப் போனது?

கார் மோட்டாருக்கு உயிரான நியோடிமியம் காந்தத்தை 1980-களில் உருவாக்கியவர்கள் சீனர்கள் அல்லர். ஜப்பானின் சுமிட்டோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும்தான். இதற்கென்றே இந்தியானா மாநிலத்தில் மேக்னகுவென்ச் என்ற நிறுவனத்தை ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்தது. 1995-ல் அது சீன நிறுவனங்கள் அங்கம் வகித்த ஒரு கூட்டணிக்கு விற்கப்பட்டது. அமெரிக்க அரசும் தலையாட்டியது. சில ஆண்டுகளில் இந்தியானா ஆலைகளுக்குப் பூட்டு விழுந்தது. தொழில் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கலிஃபோர்னியாவின் மவுன்டன் பாஸ் அரிய மண் சுரங்கமும் 2002-ல் நின்றுபோனது. கழிவுநீர்ச் சிக்கல் ஒருபுறம், சீனச் சரக்கின் மலிவு மறுபுறம். அந்த மலிவில், உள்மங்கோலியாவின் பாவ்தோ நகருக்கு வெளியே தேங்கிக் கிடக்கும் நச்சுக் கழிவும் அடக்கம். அழுக்கு அங்கேயே இருக்கட்டும், பொருள் மட்டும் வந்தால் போதும் என்றிருந்தது மேற்கு.

சீன அரசு அள்ளிக்கொடுத்த சலுகைகளை மறுப்பதற்கில்லை. அதன் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதிமீறல் என்று உலக வர்த்தக அமைப்பே 2014-ல் தீர்ப்பளித்தது. சீனா கோட்டாவைக் கைவிட்டது. சந்தை மட்டும் அதன் பிடியை விட்டு நழுவவில்லை. வரியும் இங்கே உதவாது. உள்ளூரில் செய்ய ஆளில்லாத பொருளுக்கு வரி போட்டால், அது வாங்குபவர் தலையில்தான் விடியும்.

ஜப்பான் வேறு வழியில் போனது. 2010-ல் சீனாவுடனான சென்காகு தீவுத் தகராறின்போது அங்கிருந்து வரும் அரிய மண் சரக்கு தடைபட்டதும், மறு ஆண்டே ஆஸ்திரேலியாவின் அரிய மண் நிறுவனமான லைனாஸுக்கு 25 கோடி டாலர் கொடுத்தது. லைனாஸ் தள்ளாடியபோதும் கடன் தவணையைத் தளர்த்திக் காத்தது. 90 சதவீத அளவில் இருந்த சீனச் சார்பு, பத்தாண்டுகளில் சுமார் 60 சதவீதமானது. (லைனாஸின் சுத்திகரிப்பு ஆலை மலேசியாவின் குவாந்தான் அருகே வந்ததையும், அங்கே மக்கள் எதிர்த்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

அமெரிக்காவுக்கு 2025 ஜூலையில்தான் புத்தி வந்தது. மவுன்டன் பாஸை நடத்தும் எம்பி மெட்டீரியல்ஸில் ராணுவத் துறையே பெரும் பங்குதாரரானது. அதன் நியோடிமியம் சார்ந்த பொருளுக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்று பத்தாண்டுகளுக்குக் குறைந்தபட்ச விலையும் நிர்ணயித்தது. சந்தையை அதன் போக்கில் விடுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்த நாடு! ஆனாலும் முடிவு சரியானதே.

ஐரோப்பாவிடம் இருப்பது இலக்குகள் மட்டும். 2030-க்குள் முக்கிய மூலப்பொருள்களுக்கு எந்த ஒரு வெளிநாட்டையும் 65 சதவீதத்துக்கு மேல் நம்பியிருக்கக் கூடாது என்கிறது அதன் 2024-ம் ஆண்டுச் சட்டம். சீனா விலையை இறக்கினால் புதிய ஆலை எப்படித் தாக்குப்பிடிக்கும்? பிரஸ்ஸல்ஸ் விலை உத்தரவாதம் தர வேண்டும். காந்தத்தில் ஒரு பங்கைக் கூடுதல் விலைக்கேனும் சீனாவுக்கு வெளியே வாங்கியாக வேண்டும் என்று கார் நிறுவனங்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும். சுத்திகரிப்பு ஆலைகளையும் அவற்றின் கழிவையும் தன் மண்ணிலேயே ஏற்க வேண்டும்.