கட்டபொம்மன் துப்பாக்கியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை!

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று போட வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுவதானாலும் திட்டுங்கள்.

எங்கள் அப்பா வீட்டில் இருந்த பழைய துப்பாக்கியின் படம் போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "வீரபாண்டிய கட்டபொம்மன் படையில் நம் முன்னோர் ஏந்திய ரைஃபிள். பெருமையுடன் பகிருங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. எல்லோரும் பகிர்ந்தும் விட்டார்கள். இப்போது கோயில் கொடைக்கு அதை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, இதே வாசகத்தை ஃபிளெக்ஸ் அடிக்கப் போகிறார்களாம். அதற்கு வசூலும் நடக்கிறது.

நான் இதற்கு ஒரு பைசா தரமாட்டேன். காரணத்தைக் குழுவில் சொன்னால் நாலு கும்பிடு பொம்மையோடு மேலே போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதியைப் பாருங்கள். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. இந்தத் துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் இரும்புத் தகட்டில் ஒரு கிரீடம் இருக்கிறது. கிரீடத்தின் கீழே வி.ஆர். என்று இரண்டு எழுத்து. அதாவது விக்டோரியா ராணி. அவர் பட்டத்துக்கு வந்ததே 1837இல்தான். அதே தகட்டில் "டவர்" என்ற சொல்லும் 1860 என்ற எண்ணும் வெட்டியிருக்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளையைக் கழித்துப் பார்க்கச் சொன்னால் 61 வருஷம் இடிக்கிறது என்று சொல்லிவிடும்.

"பழைய துப்பாக்கியில் பிறகு முத்திரை குத்தியிருக்கலாமே அத்தை" என்று ஒரு தம்பி மகன் கேட்டான். நல்ல கேள்வி, கேட்டதற்குச் சந்தோஷம். பதிலும் துப்பாக்கியிலேயே இருக்கிறது. கட்டபொம்மன் காலத்தில் கும்பெனிச் சிப்பாய் வைத்திருந்தது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கல் இரும்பில் உரசிப் பொறி தெறித்து, கிண்ணியில் இருக்கும் மருந்து பற்ற வேண்டும். பாளையக்காரர் பக்கம் திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும், வேலும் வல்லயமும். நம்முடையது கேப்பு வைத்துச் சுத்தியலால் அடிக்கும் வகை. அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்த ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை வாங்கியதே 1807இல். கேப்பு புழக்கத்துக்கு வந்தது அதற்கும் பிறகு. கல் துப்பாக்கியைக் கேப்புக்கு மாற்றியதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அப்படி மாற்றினால் பழைய கிண்ணி இருந்த இடம், அடைத்த திருகு ஓட்டைகள் எல்லாம் தகட்டில் தெரியும். இதில் ஒன்றும் இல்லை. கும்பெனித் துப்பாக்கிகளில் இருக்கும் இதய வடிவக் குறியோ, கிரீடம் ஏந்திய சிங்கமோகூட இதில் கிடையாது.

இன்னொன்று. 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. கோட்டையை மண்ணோடு மண்ணாக்கிய காலத்தில், நம் தாத்தா வீட்டுப் பரணில் மட்டும் துப்பாக்கியை விட்டுவைத்தானா வெள்ளைக்காரன்?

சரி, அது கட்டபொம்மன் துப்பாக்கி இல்லை என்றால் வேறு என்ன? இங்கேதான் எனக்கு ஆதங்கம். உண்மையான கதை பொய்க் கதையைவிடப் பெரியது. அதைத்தான் எமரி பேப்பரால் தேய்க்கப் பார்க்கிறீர்கள்.

அப்பா காலமானபின் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் அதை ஒப்படைத்தேன். ரசீது என்னிடம் இருக்கிறது. அன்றைக்குக் கடைக்காரர் முன்னிலையில், ஐ.டி.ஐ. படித்த என் பழைய மாணவர் ஒருவர் வெர்னியர் காலிப்பர் வைத்துக் குழல் வாயை அளந்தார். சுமார் 16.7 மில்லிமீட்டர். பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்த்தோம். குழல் வழுவழு என்று இருந்தது.

அதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ரைஃபிள் என்றால் குழலின் உள்ளே சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அதில் சுழன்று போவதால் தூரமும் போகும், குறியும் தப்பாது. 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிள் அப்படிப்பட்டது. அதன் குழல் சுமார் 14.7 மில்லிமீட்டர். பல நூறு கஜத்துக்குக் குறி வைக்கலாம். அந்தத் துப்பாக்கியின் தோட்டாவில் தடவிய கொழுப்புதான் 1857 கலகத்துக்குத் தீப்பொறி என்று நான் உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். கலகம் அடங்கியபின் வெள்ளைக்காரன் செய்த வேலை பாடப் புத்தகத்தில் இல்லை. வெளியே பார்த்தால் அதே என்ஃபீல்டு போலவே இருக்கும், உள்ளே பள்ளமே இல்லாமல் அகலமாகக் குடைந்த துப்பாக்கியை இந்தியச் சிப்பாய்களுக்கென்றே தயாரித்தான். நூறு கஜம் தாண்டினால் அதில் குறி நிற்காது. பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரச் சிப்பாய் கையில் மட்டும் நல்ல ரைஃபிள்.

எங்கள் வீட்டில் இருந்தது அந்த ரகம். படத்துக்குக் கீழே ரைஃபிள் என்று போட்டிருக்கிறீர்களே, அது ரைஃபிளே இல்லை. ரைஃபிளாக இருக்கக்கூடாது என்று திட்டமிட்டுச் செய்த துப்பாக்கி.

இது ஒரு தடவை நடந்ததும் அல்ல. 1871இல் வெள்ளைப் படைக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தது. நம் ஆட்களுக்கு அதற்கு முந்தைய ஸ்னைடர். அவர்களுக்குத் தொடர்ந்து சுடும் மேகசின் ரைஃபிள் வந்தபோதுதான் நம் ஆட்களுக்கு மார்ட்டினி. எப்போதும் ஒரு படி கீழே. "உன்னை நம்பி என் சண்டையைப் போடச் சொல்வேன், ஆனால் உன் கையில் நல்ல ஆயுதம் தரமாட்டேன்" என்பதை ஓர் அரசாங்கம் இரும்பில் எழுதி வைத்திருக்கிறது. அடிமைத்தனம் என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல பாடப்பொருள் எனக்குத் தெரியவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னால் போதும்.

அடுத்து, இது நம் வீட்டுக்கு எப்படி வந்தது? தாத்தாவின் லைசென்ஸ் காகிதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. திருநெல்வேலி ஜில்லா, 1936. எஸ்.பி.எம்.எல். துப்பாக்கி ஒன்று, அதாவது வாய் வழியே மருந்து கெட்டிக்கிற ஒற்றைக் குழல். காரணம் என்ற இடத்தில் "பயிர்ப் பாதுகாப்பு". பட்டாளம் கழித்துப் போட்ட துப்பாக்கி எத்தனையோ கை மாறி, மலையடிவாரத்தில் கடலை போட்ட ஒரு சம்சாரியிடம் வந்திருக்கிறது. இருட்டில் காட்டுப்பன்றி விரட்டியிருக்கிறார். அந்தக் கடலையை விற்றுத்தான் எங்கள் அப்பாவைப் படிக்க வைத்தார். அப்பா படித்ததால் நான் ஆசிரியர் பயிற்சி படித்தேன்.

பன்றி விரட்டிய தாத்தாவைச் சொல்ல உங்களுக்கு ஏன் கூச்சம்? வாளேந்திய முன்னோர்தான் வேண்டுமா? இப்போது ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சாதிக்காரரும் எங்கள் பாட்டன் தளபதி, உங்கள் பாட்டன் எடுபிடி என்று ஃபிளெக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்குப் பக்கத்துத் தெருக்காரன் இன்னும் பெரிய பொய்யை இன்னும் பெரிய ஃபிளெக்ஸில் போடுவான். பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அடித்துக்கொள்ளும். முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன், அந்தச் சண்டைகள் எங்கே தொடங்குகின்றன என்று எனக்குத் தெரியும்.

"ஒரு பெருமைக்குத்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்கள். கட்டபொம்மனுக்கே நஷ்டம். உண்மையில் உயிரைக் கொடுத்தவர் பெயரை, 1860இல் செய்த துப்பாக்கியில் ஒட்டினால், நாளைக்கு யாராவது ஒருவன் தகட்டைப் படித்துவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு அவர் மேலும் விழும்.

இனி, வீட்டில் இப்படி ஏதாவது வைத்திருப்பவர்களுக்கு:

1. முதலில், அதில் மருந்து கெட்டித்திருக்கிறது என்றே நினையுங்கள். ஐம்பது வருஷம் பரணில் கிடந்தாலும் கரிமருந்து வெடிக்கும். சுத்தியலைத் தூக்கிப் பார்ப்பது, செல்ஃபிக்காக முகத்துக்கு நேரே பிடிப்பது, இரண்டும் கூடாது. ஆயுதக் கடை மெக்கானிக்கிடம் விட்டுச் சோதியுங்கள்.

2. தேய்க்காதீர்கள். எமரி, பிராசோ, வார்னிஷ் எதுவும் வேண்டாம். முத்திரை மழுங்கினால் துப்பாக்கி ஊமையாகிவிடும்.

3. தகடு, குழலின் மேல்புறம், கட்டை மூன்றிலும் உள்ள குறிகளைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுங்கள். எழுத்து தலைகீழாகவோ தப்பாகவோ இருந்தால் கள்ளப் பட்டறை நகலாக இருக்கலாம்.

4. "பழசுதானே, லைசென்ஸ் எதற்கு?" என்று இருக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாததாக இருந்தால் மட்டும். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு மனு போடலாம்.

5. "வெளிநாட்டில் நல்ல விலை போகும்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்புவது 1972 சட்டப்படி குற்றம்.

குடும்பத்தாருக்கு என் முடிவு இதுதான். துப்பாக்கி கடையை விட்டுக் கொடைக்கு வராது, ரசீதையும் தரமாட்டேன். தாத்தாவின் லைசென்ஸ் காகிதத்தை நகல் எடுத்துச் சட்டம் போட்டுத் தருகிறேன், அதை வையுங்கள். கீழே "1936இல் நம் வயலைக் காத்தது" என்று எழுதுங்கள். வசூலித்த பணத்தில் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு வேன் பிடித்துச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போங்கள். அதற்கானால் என் ஒரு மாதப் பென்ஷனைத் தருகிறேன்.

மறுப்பு இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். ஆதாரத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்