குடிச்ச அன்னைக்கு மாத்திரை வேண்டாமா?

சரக்கும் மாத்திரையும் சேரக்கூடாதுன்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. பல மருந்துகளுக்கு அது சரிதான். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர் குடித்த அன்று மாத்திரையை விட்டால் அதுதான் வம்பு.

தாம்பரம் போன்ற அரசு மையங்களில் 2004 முதல் கூட்டு மருந்து இலவசம். (டாஸ்மாக் வரவு மாநிலத்துக்கு, மாத்திரைச் செலவு மத்திய அரசுக்கு. காமர்ஸ் புத்தி, மன்னிக்கவும்!) இன்றைய மாத்திரையிலுள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் அடக்குபவை. இரண்டு தொற்றும் உள்ளவர் மருந்தை நிறுத்தினால் மஞ்சள் காமாலை வரை போகலாம். ஏற்கெனவே குடியில் நொந்த கல்லீரல் வேறு!

"குடிக்காதீங்க" என்பதோடு "குடிச்சாலும் மாத்திரையை விடாதீங்க" என்றும் சொல்லி அனுப்பணும். குடிக்க லைசென்ஸ் கொடுக்கிறதா இது? திட்டுக்குப் பயந்து மையத்துக்கே வராமல் போவதைவிடத் தேவலை.