காலணிக்குத் தமிழ்ப்பெயர் கசப்பதேன்?

கழிவிலிருந்து காலணி செய்து விற்கும் மாணவர் முயற்சிகள் இந்நாளில் பெரிதும் போற்றப்படுகின்றன. அவற்றுள் உலகறிந்த ஒன்று ‘தைலி’. ஆசய் பாவே என்னும் இளைஞர் துபாயில் மாணவராயிருந்தபோது 2017-இல் தொடங்கிய முயற்சி அது. 2021-இல் விற்பனைக்கு வந்தது. எறியப்பட்ட நெகிழிப்பைகள் 10-உம் நெகிழிக் குப்பிகள் 12-உம் ஓரிணைக் காலணி ஆகின்றன. பைகளைக் கழுவி அடுக்கிச் சூடேற்றி அழுத்தினால் தோல்போன்ற தகடு கிடைக்கிறது, அதுவே மேற்பகுதி. அடிப்பகுதி பழைய இரப்பர்.

செய்முறை கிடக்கட்டும். பெயரைக் கருதுக! ‘தைலி’ என்பது பையைக் குறிக்கும் இந்திச்சொல். வெளிநாட்டார்க்கும் விற்கும் பொருளுக்கு, அவர்தம் வாயில் நுழையுமா என்று அஞ்சாமல் கடைத்தெருச் சொல்லையே பெயராக இட்டார் அவ்விளைஞர். இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு. தம் சொல்மேல் அவர் வைத்த துணிவைக் கண்டு நாணுவது வேறு. தமிழிளைஞரோ பொருள் உருவாகுமுன்னரே ‘ஈக்கோ’ என்றும் ‘கிரீன்’ என்றும் ஆங்கிலப் பெயர் தேடி அலைகின்றனர்.

தமிழில் சொற்பஞ்சமா? புறநானூற்றின் 257-ஆம் பாட்டிலேயே ‘செருப்பு’ உண்டு. கழகக்கால நூல்களில் ‘தொடுதோல்’ உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ‘அடிபுதை அரணம்’ என்னும் அழகிய தொடருண்டு. இவற்றுள் ஒன்றேனும் ஒரு காலணிக்குப் பெயராகத் தகாதா?

சொல் மட்டுமா தமிழருடையது? தொழிலும் அவர்தம் கையில் இருந்ததே. சேலம், நாமக்கல் பகுதி சரக்குந்துகளின் நிலம். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் ஓடித்தேய்ந்த உருளிப்பட்டைகளுக்கு (மக்கள் வழக்கில் ‘டயர்’) என்றும் குறைவில்லை. அப்பட்டையை அறுத்து அடியாக்கி, வார் பூட்டி, முள்ளிலும் கல்லிலும் உழைப்போர்க்குக் கொடுத்தவர் தெருவோரம் செருப்புத் தைப்போர். வியத்துநாம் விடுதலை மறவரும் அத்தகைய செருப்பணிந்தே போரிட்டனர். ‘மறுசுழற்சி’ என்னும் சொல் தோன்றுமுன்னரே நடந்த வேலை இது. அவ்வேலையைச் செய்தவனையோ, அவன் தைத்த செருப்பை அவனே அணிந்து தெருவில் நடக்கவிடாத ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தன! பட்டம் பெற்றவன் செய்தால் பாராட்டும் பரிசும். குத்தூசி பிடித்தவன் செய்தால் இழிவு.

ஓமலூரை அடுத்த கருப்பூரில் 1966-இல் தொடங்கிய அரசு பொறியியற் கல்லூரியும், 1997-இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகமும் உள்ளன. அங்குப் பயில்வோர் இத்தொழிலில் இறங்குவாராயின் முதலில் முட்டுவது எஃகுக்கம்பி. பழைய பட்டைகளில் நூலிழையே மிகுதி; கத்திக்கு எளிதில் இணங்கும். இக்காலப் பட்டைகளிலோ எஃகுக்கம்பிகள் பின்னியுள்ளன. அறுப்பது கடினம், அறுத்தால் முனை நீட்டிக் காலைக் குத்தும். அதற்கேற்ற பொறி அமைப்பது மாணவர் கடன். எவ்விடத்தில் அறுப்பது, வார் எங்கே இழுபடும், அடி எங்கே முதலில் தேயும் என்பன தெருவோரத்தான் அறிவு.

இவ்விருவரையும் இணைப்பது எம்மொழி? அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டட, எந்திரப் பொறியியலைத் தமிழ்வழி தொடங்கியது. 2023-இல் சில உறுப்புக் கல்லூரிகளில் அதனை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழவே மீளப்பெற்றது. அடித்தோல், வார், குதி என்னும் சொற்களைக் கல்லூரியில் ஒருமுறையும் கேளாத மாணவன், ஓமலூர்க் கடைத்தெருவில் குத்தூசியோடு அமர்ந்திருப்பவனிடம் எதைக் கேட்பான்? எந்தச் சொல்லால் கேட்பான்?