பொட்டலத்தின் முதுகைப் படியுங்கள்!

தோழர்களே! லோத்குண்டா கடைகளில் சரஞ்சரமாய்த் தொங்கும் பொட்டலங்களில் எது உணவு, எது ஆலைச்சரக்கு? முன்பக்கக் கோதுமைக் கதிரையும் 'சத்து' என்ற கொட்டை எழுத்தையும் நம்பாதீர். அது வியாபாரியின் பேச்சு.

ஆலையில் செய்ததெல்லாம் கேடு என்று சொல்ல வரவில்லை. பாக்கெட் இட்லி மாவில் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு மட்டுமே இருந்தால் அது நம் வீட்டு மாவுக்குத் தங்கைதான். பிரேசில் பேராசிரியர் கார்லோஸ் மான்டெய்ரோ 2009-இல் தொடங்கிவைத்த பாகுபாடு வேறிடத்தில் கோடு கிழிக்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின், எமல்சிஃபயர், செயற்கை மணம் என்று எந்த அடுப்படியிலும் இல்லாத சரக்கு பின்பக்கப் பட்டியலில் ஒன்று இருந்தாலும் அது மிகையாகப் பதப்படுத்திய உணவு. எடையில் அதிகமானது பட்டியலில் முந்தி வரவேண்டும் என்பது விதி. குழந்தைக்கு வாங்கும் பானப்பொடியில் சர்க்கரை இரண்டாமிடத்தில் நின்றால், நாம் காசு கொடுப்பது எதற்கு?

"பட்டியலைப் படித்து வாங்குங்கள்" என்று 2024 மே மாத வழிகாட்டு நெறிகளில் சொல்கிறது தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். (1918-இல் குன்னூரில் பிறந்து, 1958-இல் நம்மைப்போல் இங்கே குடிபெயர்ந்ததுதான் அதுவும்!) சரி, எந்த மொழியில் படிப்பது? ஆங்கிலம் அல்லது இந்தி இருந்தால் போதுமாம்! கட்டட வேலைக்குப் போகும் நம் தாய்மாருக்கும், பக்கத்து வீட்டுத் தெலுங்குத் தோழருக்கும் அது வெறும் பூச்சிக்கோடு.

இந்நகரக் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டாண்டு போராடினார். 2025 அக்டோபரில், சர்க்கரைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் சூட்டிக்கொள்ளத் தடை வந்தது. தனியொருவரால் இவ்வளவு முடிந்ததே! இங்கே தெலுங்கிலும், தமிழகத்தில் தமிழிலும் பட்டியல் அச்சாகவேண்டும். மனு தயார், கையெழுத்திட ஞாயிறு காலை சங்கத்துக்கு வாருங்கள், வீட்டிலுள்ள காலி உறைகளோடு.